பொட்டல் அணிக்குப் போன வெளிமான்

வேங்கைக் காட்டில் நான்கு பந்தாட்ட அணிகள் இருந்தன: மலை அணி, ஓடை அணி, மூங்கில் அணி, பொட்டல் அணி. கொடிகளைச் சுற்றி இறுகக் கட்டிய பந்தை எதிரணியின் இரண்டு மரங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் ஒரு கோல்.

கோடை வந்ததும் ஆட்டங்கள் தொடங்கும். அதிக ஆட்டங்களில் வென்ற அணி குளத்தில் முதலில் தண்ணீர் குடிக்கும். மற்றவை வரிசைப்படி பின்னால் வரும். கடைசி அணிக்குச் சேறும் சகதியும்தான் மிஞ்சும்.

இன்னொரு விதியும் இருந்தது. மூன்று கோடை தொடர்ந்து ஓர் ஆட்டத்திலும் வெல்லாத அணி கலைக்கப்படும். அதன் ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காதவர்களுக்குக் குளத்தில் இடமில்லை. அவர்கள் காட்டுக்கு அப்பால் உள்ள ஆற்றுக்கு நடக்க வேண்டியதுதான்.

பொட்டல் அணி இரண்டு கோடையாக ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை.

அந்த ஆண்டு புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. எல்லாரும் ஒரே ஒருவனைத்தான் பார்த்தார்கள். அவன் பெயர் கோடன். முறுக்கிய கொம்பும் வில்போல வளைந்த முதுகும் கொண்ட வெளிமான். அவன் பந்தோடு ஓடினால் காற்றுதான் துரத்த வேண்டும் என்று காடே பேசிக்கொண்டது.

சென்ற ஆண்டு கடைசியாக வந்த அணிதான் முதலில் தேர்ந்தெடுக்கும். பொட்டல் அணியின் தலைவி காரி என்ற எருமை. அவள் எழுந்து, "எங்களுக்குக் கோடன்" என்றாள்.

கோடனின் முகம் வாடிவிட்டது. அவன் மலை அணிக்குப் போகத்தான் ஆசைப்பட்டிருந்தான்.

மலை அணி சென்ற ஆண்டு வென்ற அணி. அதனால் கடைசியாகத்தான் தேர்ந்தெடுத்தது. அப்போது மிஞ்சியிருந்தது சிட்டன் என்ற குட்டைக் கீரி மட்டும். மலை அணியின் தலைவன் வளவன் என்ற நரி, "சரி, நீ வா" என்று சலிப்போடு அவனைக் கூட்டிக்கொண்டு போனான்.

ஆட்டங்கள் தொடங்கின. ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டம்.

முதல் ஆட்டத்தில் கோடன் மின்னல்போல ஓடினான். ஆனால் பந்து அவனிடம் வரவே இல்லை. கோல் காத்த ஓடன் என்ற நில ஆமை பந்தைத் தடுத்துத் திரும்புவதற்குள் பத்து மூச்சு ஆகிவிடும். அதற்குள் கோடன் மைதானத்தின் மறுகோடியில் நிற்பான். காரி உதைத்தால் பந்து எங்கோ தொலைவில் போய் விழும். அணியிலிருந்த காட்டுப்பன்றி பந்தை விட்டுவிட்டு எதிரணிக்காரரை முட்டிவிடும். பொட்டல் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது.

இரண்டாவது ஆட்டத்திலும் நான்கு. மூன்றாவதில் ஐந்து.

மலை அணியிலோ சிட்டன் மூன்று ஆட்டத்தில் ஆறு கோல் அடித்துவிட்டான்.

"கோடனா திறமைசாலி? வெறும் ஓட்டம்தான்" என்றது ஒரு மந்தி.

"அவனைக் குறை சொல்லாதே. அந்த அணியில் யார் போனாலும் அதே கதிதான்" என்றது மரங்கொத்தி.

இரண்டும் நாளெல்லாம் இதைப் பற்றியே சண்டை போட்டன. கோடன் மரங்கொத்தி சொன்னதைத்தான் நம்பினான். பயிற்சிக்குத் தாமதமாக வந்தான். யாராவது பந்தைத் தவறவிட்டால் எல்லார் முன்னாலும் பெருமூச்சு விட்டான்.

ஒரு நாள் அவன் புல் மேய்ந்துகொண்டிருந்தபோது நரி வளவன் வந்தான்.

"தம்பி, உன் திறமை வீணாகிறதே. எனக்கே மனசு கேட்கவில்லை."

"என்ன செய்வது? எனக்கு வாய்த்தது இந்த அணி."

"இன்னும் மூன்று ஆட்டம்தான் பாக்கி. எல்லாவற்றிலும் தோற்றால் உங்கள் அணி கலையும். கலைந்த மறுநாளே உன்னை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் தப்பாக ஆட வேண்டாம். ரொம்பச் சிரமப்படாமல் ஆடினால் போதும்."

கோடன் உடனே மறுக்கவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றான்.

நான்காவது ஆட்டத்தில் அவன் தனியாக ஓரமாக ஓடிக்கொண்டிருந்தபோது குளம்பில் கருவேல முள் ஏறியது. ஆட்டமும் தோல்வி. முள்ளை எடுத்தார்கள். ஆனால் கால் வீங்கிவிட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார வேண்டியதாயிற்று.

முதல் முறையாக அவன் தன் அணி ஆடுவதை முழுதாகப் பார்த்தான்.

காரி பந்தை உதைக்குமுன் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து யாரையோ தேடினாள். அவன் வழக்கமாக ஓடும் பக்கத்தைத்தான் தேடினாள் என்பது சற்றுப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் உதை குறி தவறிப் போகவில்லை. எப்போதும் ஒரே இடத்தில்தான் விழுந்தது: இடது பக்கத்து நாவல் மரத்தடியில். அங்கே நிற்கத்தான் ஆளில்லை. ஓடன் மெதுவாகத் திரும்பினான், உண்மைதான். ஆனால் எதிரணியின் ஏமாற்று வேலை எதற்கும் அவன் அசையவில்லை.

அன்று அவர்கள் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள்.

கோடனுக்குச் சுருக்கென்றது. அவன் இருந்தபோது நான்கும் ஐந்தும். அவன் இல்லாதபோது ஒன்று.

ஆட்டம் முடிந்ததும் அவன் ஓடன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அணி கலைந்தால் நீ என்ன செய்வாய்?"

"ஆற்றுக்குப் போவேன்" என்றான் ஓடன். "உன் காலுக்கு அரை நாள். என் காலுக்கு எட்டு நாள். இந்த வெயிலில் ஐந்தாம் நாள்வரை போவேன் என்று நினைக்கிறேன்."

அவன் அதை அழாமல், கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான். கோடன் எழுந்தான்.

நேராகக் காரியிடம் போனான். நரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான். "நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும் அக்கா. மறுக்கவில்லை" என்றான்.

காரி வெகுநேரம் அசைபோட்டாள். "போவதென்றால் போ. உன்னைக் கட்டிப்போட முடியுமா? ஆனால் கடைசி ஆட்டத்தை ஒழுங்காக ஆடிவிட்டுப் போ."

"போகவில்லை. ஒன்று கேட்கிறேன். நான் எங்கே நின்றால் உனக்கு வசதி?"

காரி அசைபோடுவதை நிறுத்தினாள். "இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை" என்றாள். பிறகு, "நாவல் மரத்தடி" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "நானும் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீ வந்ததும் எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்வாய் என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். உனக்குப் பந்து எப்படி வர வேண்டும்?" என்று கேட்டாள்.

"தரையோடு வேண்டாம். தலைக்கு மேலே வரட்டும். நான் எட்டிப் பிடித்துக்கொள்கிறேன்."

நான்கு நாள் பயிற்சி செய்தார்கள். ஓடன் பந்தைத் தடுத்ததும் யாரும் ஓடக் கூடாது, பத்து மூச்சுவரை அவனைச் சுற்றி நின்று காக்க வேண்டும் என்று முடிவானது. முட்டும் ஆசை பிடித்த காட்டுப்பன்றியை அந்தக் காவலுக்கே வைத்தார்கள். கோடன் ஓடாமல் காத்திருக்கப் பழகினான். அவனுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

கடைசி ஆட்டம் மலை அணியோடு. கொக்குதான் நடுவர். காடே திரண்டு வந்திருந்தது.

தொடங்கிய சிறிது நேரத்தில் சிட்டன் ஒரு கோல் அடித்தான். நரி வளவன் கோடனைப் பார்த்துக் கண்ணடித்தான். கோடன் வேறு பக்கம் பார்த்தான்.

பிறகு ஓடன் ஒரு பந்தைத் தடுத்தான். யாரும் ஓடவில்லை. காட்டுப்பன்றி முன்னால் நின்று உறுமியது. பத்து மூச்சு ஆனது. பந்து காரியிடம் வந்தது. அவள் ஓங்கி உதைத்தாள். கோடன் நாவல் மரத்தடியிலிருந்து எகிறினான், நெஞ்சில் பந்தை வாங்கினான், நான்கே பாய்ச்சலில் கோலுக்குள் தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று.

நரி பதறிப்போனான். "மூன்று பேரும் அவனையே ஒட்டி நில்லுங்கள்!" என்று தன் அணியின் மூன்று செந்நாய்களிடம் கத்தினான். அதன்பின் கோடனால் அசைய முடியவில்லை. அவன் போகும் இடமெல்லாம் மூன்று செந்நாய்கள் வந்தன.

நடுவர் கொக்கு சூரியனைப் பார்த்தது. ஆட்டம் முடியப்போகிறது. சமமாக முடிந்தாலும் பொட்டல் அணி கலைந்துவிடும்.

கடைசியாக ஒரு பந்து கோடனிடம் வந்தது. கோல் எதிரே தெரிந்தது. பாய்ந்தால் ஒருவேளை அடிக்கலாம். ஆனால் அவன் கோலை விட்டு விலகி, மைதானத்தின் மூலைக்கு ஓடினான். மூன்று செந்நாய்களும் பின்னால் ஓடின. நரியும் ஓடினான். மூலையில் சட்டென்று நின்று, கோடன் பந்தைப் பின்புறமாக உதைத்தான்.

அங்கே காரி நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவள் ஓடவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே உதைத்தாள். பந்து இரண்டு மரங்களுக்கு நடுவே பாய்ந்து, பின்னாலிருந்த புதரையும் துளைத்துக்கொண்டு போயிற்று.

பொட்டல் அணி வென்றது. ஓடன் கோலடியிலிருந்து நடுமைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் கொண்டாட்டம் முடியப்போனது. அதனால் எல்லாரும் இன்னொரு முறை முதலிலிருந்து கொண்டாடினார்கள்.

கீரி சிட்டன் கோடனிடம் வந்தான். "உன்னை எல்லாரும் என்னோடு ஒப்பிட்டார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது. நான் கோல் வாசலில் நிற்பேன். அவர்கள் பந்தைக் கொண்டுவந்து என் காலில் வைப்பார்கள். அவ்வளவுதான்."

"சரியான இடத்தில் நிற்பதுதான் கஷ்டம் என்று நான் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்" என்றான் கோடன். இருவரும் சிரித்தார்கள்.

ஓர் ஆட்டம் வென்றதால் பொட்டல் அணி கலையவில்லை. ஆனாலும் பட்டியலில் கடைசிதான். அந்தக் கோடையிலும் அவர்கள் சேற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். கோடன் மற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்று, ஓடனோடு சேர்ந்து குடித்தான்.

நரி வளவன் மறுபடி ஆள் அனுப்பினான். கோடன் போகவில்லை. அடுத்த கோடையில் பொட்டல் அணி இரண்டாவதாக வந்தது. மந்தியும் மரங்கொத்தியும் மட்டும் திறமையா அணியா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கூட ஆடுகிறவர்களைக் கண் திறந்து பார்க்கும் திறமையே வெல்லும். அந்தத் திறமைக்குத் தோள் கொடுக்கும் அணியே உயரும்.