கேப்டன் வளைவு

கோத்தகிரி மலைச் சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடிக்குள் விழுந்தவனைக் ‘கொழுந்து பறித்தான்’ என்பார்கள். விழுந்த வளைவுக்கு அவன் பெயரையே வைத்துவிடுவார்கள். தன் பெயரில் ஒரு வளைவும் இல்லை என்பதுதான் அவர்கள் குழுவின் கேப்டன் ரகோத்தமனின் பெருமை.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஜெசிந்தா மூன்று வருடமாகத் தனியாகவே ஓட்டினாள். பதினோரு இடத்தில் விழுந்தாள். பார்க்க ஆளில்லாததால் எந்த வளைவுக்கும் அவள் பெயர் இல்லை.

ஒரு ஞாயிறு, டீக்கடையில் கூடியிருந்த அந்தக் குழுவிடம் போய், “என்னையும் சேர்த்துக்குங்க” என்றாள்.

“கற்பூரமரத்து வளைவுல கால் ஊனாம இறங்கியிருக்கியா?” என்றார் கேப்டன்.

“செவ்வாய்க்கிழமை காலையில இறங்கினேன் சார்.”

“தனியா ஓட்டுறவளுக்குச் சாட்சி யாரு?”

“இருக்கார் சார். நான் இறங்கினப்போ உண்ணிச்செடிப் புதருக்குள்ள ஒருத்தர் சைக்கிளோட கிடந்தார். முகம் தெரியலை, சிவப்பு ஹெல்மெட்தான் தெரிஞ்சுது. அவரைக் கேளுங்க.”

அங்கே சிவப்பு ஹெல்மெட் ஒன்றே ஒன்றுதான். அது கேப்டன் மடியில் இருந்தது. முழங்கையில் இருந்த முள் கீறல் தெரியாமல் அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆமா, இறங்கினா, இறங்கினா” என்று முனகினார்.

அன்றே கற்பூரமரத்து வளைவு கேப்டன் வளைவு ஆயிற்று.

அடுத்த ஞாயிறு முதல் வளைவிலேயே ஜெசிந்தா கொழுந்து பறித்தாள். பின்னால் வந்த எட்டுப் பேரும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் உடனே எழுந்திருக்கவில்லை. செடிக்குள் கிடந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.