சோம்பலைத் தேடிப் போன பூனை

அந்தக் காலத்தில், ஆடும் மாடும் ஆளும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, பூனைக்கு முதுகு வளையாது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். மரப்பெட்டிக்கு நாலு கால் வைத்த மாதிரி இருக்கும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பத் தெரியாது. சந்துக்குள் மாட்டிக்கொண்ட வண்டி போல முன்னே போய், பின்னே வந்து, முழு உடம்பையும் திருப்பிக்கொண்டுதான் "யாரது?" என்று கேட்கும். சுவரிலிருந்து விழுந்தால் விழுந்தபடியே கிடக்கும். முதுகில் ஒட்டுப்புல் ஒட்டினால் எடுத்துவிடச் சொல்லி அணிலைக் கெஞ்ச வேண்டும். பூனையால் அணிலைப் பிடிக்க முடியாது என்பதால் அப்போது இரண்டுக்கும் நல்ல சிநேகம்.

சாம்பி என்று ஒரு பூனை இருந்தாள். சாம்பல் நிறம், அதனால் அந்தப் பெயர். ஊருக்கு வெளியே கரட்டுப் பாறைக்கு அடியில் ஒரு பொந்தில் இருந்தாள். பொந்து வாசல் தாராளமானதுதான். ஆனால் ஒரு முழம் உள்ளே போனதும் மடக்கிய முழங்கை மாதிரி சட்டென்று இடப்பக்கம் திரும்பும். திருப்பத்துக்கு அப்பால் தரை உள்பக்கமாகக் கீழே சரியும். அங்கே நரி நுழைய முடியாது. சாம்பியாலும் நுழைய முடியாது. அதுதான் அவளுக்கு வந்த வினை.

போன வருஷம் அவளுக்கு ஒரே ஒரு குட்டி. சுண்டு என்று பெயர் வைத்திருந்தாள். நரி வாசலில் மூக்கை நீட்டியதும் சுண்டு பயந்துபோய்த் திருப்பத்தைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டான். நரி போய்விட்டது. சுண்டுவால் அந்தச் சரிவில் ஏறி வர முடியவில்லை. சாம்பி தலையை நுழைத்தாள், ஒரு காலை நுழைத்தாள், அதற்கு மேல் உடம்பு மடங்கவில்லை. மூன்று நாள் அவன் உள்ளேயிருந்து கத்தினான், இவள் வெளியேயிருந்து கத்தினாள். நாலாம் நாள் உள்ளே சத்தம் இல்லை.

வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். அந்தக் கரட்டிலேயே நரி நுழையாத பொந்து அது ஒன்றுதான். அடுத்த குட்டிகளையும் அங்கேதான் போட்டாக வேண்டும். இந்த முறை குட்டி எங்கே போகுமோ அங்கே தானும் போக வேண்டும். சாம்பிக்கு இரவும் பகலும் இதே நினைப்பு.

ஆடி பிறந்ததும் பக்கத்துப் புளியந்தோப்பில் ஒரு கழைக்கூத்துக் கூட்டம் வந்து இறங்கியது. அதில் பொம்மக்கா என்றொருத்தி. இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். குழந்தையை இறக்கி வைத்துவிட்டு, முறத்தை விடச் சின்னதாக ஓர் இரும்பு வளையத்தை எடுத்து, தலையை விட்டு, தோளை விட்டு, காலையும் மடித்து உள்ளே விட்டு, மறுபக்கம் வெளியே வந்துவிடுவாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த சனம் வாயைப் பிளந்து பார்க்கும். அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் சாம்பியும் வாயைப் பிளந்து பார்த்தாள்.

மறுநாள் விடியும்போதே தோப்புக்குப் போய்விட்டாள். பொம்மக்கா அப்போதுதான் பாயிலிருந்து எழுந்து இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த வளையத்துக்குள்ள போற வித்தையை எனக்கும் சொல்லித் தா."

"உனக்கா? உன் முதுகுல மாவு பெசஞ்சு ரொட்டி தட்டலாம் போல இருக்கே! உனக்கு எதுக்கு வித்தை?"

சாம்பி சுண்டுவைப் பற்றிச் சொன்னாள். பொம்மக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். தூங்குகிற தன் குழந்தையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"சரி. மொதல்ல போய் உன் சோம்பலை முறி. அப்புறம் வா."

இங்கேதான் சாம்பி ஒரு கூத்துப் பண்ணினாள். சோம்பல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. முறி என்றால் தெரியும், குச்சியை முறிப்பதுதானே? சோம்பல் என்று ஏதோ செடி இருக்கிறது, அதில் ஒரு கொப்பு முறித்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துவிட்டாள். நேரே அணிலிடம் போனாள்.

"தம்பி, சோம்பல்னா என்னடா? மரமா, கொடியா?"

"தெரியலையே அக்கா, நான் அதைக் கண்டதே இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் அணில் மூன்று கிளை தாண்டிப் போயிருந்தது.

குளத்துக்குப் போய் எருமையைக் கேட்டாள். எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது.

"சோம்பலா? எங்கிட்ட நெறைய இருக்கு. எடுத்துத் தரணும்னா எந்திரிக்கணுமே. நாளைக்கு வா, பாப்போம்."

இவர்களை நம்பிப் பயனில்லை என்று சாம்பியே கிளம்பினாள். புளி, வேம்பு, நொச்சி, ஆவாரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒவ்வொரு குச்சி முறித்து, வாயில் கவ்விக்கொண்டு வந்து பொம்மக்கா காலடியில் போட்டாள்.

"அக்கா, எல்லாத்தையும் முறிச்சாச்சு. இதுல எது சோம்பல்னு நீயே பாத்துக்க."

பொம்மக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, சாம்பியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அடியே, அது மரத்துல இல்ல, உன் மூட்டுல இருக்கு. நீ தூங்கும்போது அதுவும் தூங்கும். நீ எந்திரிச்சு நாலு எட்டு வச்சப்புறம்தான் அது கண் முழிக்கும். முழிச்சுட்டா உடம்பு அது சொன்ன பேச்சைத்தான் கேக்கும். அதனால அது முழிக்கிறதுக்குள்ள நீ முந்திக்கணும். எடுத்த எடுப்புல முறிச்சுப் போடணும்."

"ஒரு தடவ முறிச்சாப் போதுமா அக்கா?"

"வாழையை வெட்டினா விட்டுருமா? வெட்டின எடத்துலயே குருத்து வரும். எனக்கு அஞ்சு வயசுல ஆரம்பிச்சது, இன்னும் முறிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தூங்கி எந்திரிக்கும்போதெல்லாம் முறிக்கணும்."

சாம்பி முகம் தொங்கிப்போயிற்று. "நான் ஒரு நாளைக்கு இருபது தடவ தூங்குவேனே!"

"அப்ப இருபது தடவ முறி" என்றாள் பொம்மக்கா.

அன்றைக்கே பாடம் தொடங்கியது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டு. நெஞ்சைத் தரையில் வை. இடுப்பு மட்டும் மேலே நிற்கட்டும். மூச்சை விடு. இப்போது எழுந்து முதுகை மேலே தூக்கு. இன்னும் தூக்கு. கடைசியாகப் பின்னங்காலை ஒவ்வொன்றாகப் பின்னால் நீட்டி உதறு. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் சாம்பியின் நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூசணிக்காயை உருட்டிவிடலாம். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனால் எருமை கேட்டது, "என்ன பூனை, சோம்பல் கெடைச்சுதா? நாந்தான் தர்றேன்னேனே!"

எட்டாம் நாள் சாம்பிக்குப் பொறுக்கவில்லை. பூனை அளவுக்கென்று பொம்மக்கா வளைத்து வைத்திருந்த சின்ன வளையத்துக்குள், அவள் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தலையை விட்டாள். தோளும் போனது. இடுப்பு போகவில்லை. முக்கி, முனகி, ஒரே தள்ளாகத் தள்ளினாள். இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. "ஐயோ அக்கா!"

பொம்மக்கா ஓடிவந்து வளையத்தைக் கழற்றி, நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுத்தாள். கை பாட்டுக்கு ஒற்றடம் கொடுக்க, வாய் பாட்டுக்குத் திட்டியது. "முறிக்கச் சொன்னது சோம்பலை, எலும்பை இல்ல! உடம்பை மெரட்டினா வளையாதுடி. அதுக்கு நேரம் குடு. மூச்சை விட்டுட்டு நில்லு. அதுவா எடம் விடும். விட்ட எடத்துக்கு மட்டும் போ."

பத்து நாள் நொண்டிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பத்து நாளும் முன்னங்காலையாவது நீட்டாமல் இருந்ததில்லை. தூங்குவாள், எழுவாள், நீட்டுவாள். பிறகு வலி போய்விட்டது. பூசணிக்காய் தேங்காயாயிற்று, தேங்காய் எலுமிச்சையாயிற்று. ஒரு நாள் நெஞ்சு தரையைத் தொட்டது. தரை குளிர்ச்சியாக இருந்தது. அது இத்தனை குளிர்ச்சி என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஆவணி முடிவதற்குள் வளையத்தில் தலை போய், தோள் போய், இடுப்பு போய், வாலும் மறுபக்கம் வந்துவிட்டது. வந்த வேகத்தில் திரும்பி முதுகிலிருந்த ஒட்டுப்புல்லை எடுத்துத் துப்பினாள். பொம்மக்கா குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தாள்.

புரட்டாசியில் கூட்டம் மூட்டை கட்டியது. "நான் போனப்புறமும் விட்டுறாத சாம்பி. வித்தை வந்துட்டதேன்னு நெனச்சேன்னா அன்னிக்கே போயிரும்" என்று சொல்லிவிட்டுப் பொம்மக்கா கிளம்பினாள்.

ஐப்பசி பிறந்ததும் சாம்பிக்கு மூன்று குட்டிகள். மூன்று வாய்க்குப் பால் கொடுத்து, நக்கித் துடைத்து, எலிக்கும் ஓணானுக்கும் அலைந்து, அவளுக்கு உட்கார நேரமில்லை. ஒரு நாள் சோம்பல் முறிக்காமல் எழுந்து ஓடினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் விட்டாள். இனிமேல் எதற்கு, அதுதான் வந்துவிட்டதே என்று ஒரு நினைப்பும் வந்தது. பெற்ற உடம்புக்கு இருக்கிற அலுப்பு, நானும் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஐப்பசி முடியப் போகிற ஒரு மத்தியானம். சாம்பி இரை தேடிப் போன இடத்தில், ஒரு புதருக்கு அடியில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததோ, நரி பொந்துப் பக்கம் போனதோ அவளுக்குத் தெரியாது. "சாம்பியக்கா! சாம்பியக்கா!" என்று அணில் அலறிய சத்தத்தில்தான் விழித்தாள். விழித்த வாக்கில் ஓடினாள்.

அவள் போவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. நரி மழைக்குப் பயந்து போயிருந்தது. மூன்று குட்டிகளும் திருப்பத்தைத் தாண்டி உள்ளே சரிந்து கிடந்து கத்தின. பாறையிலிருந்து வழிந்த தண்ணீர் வாசல் வழியாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

சாம்பி பாய்ந்து உள்ளே நுழைந்தாள். தலை போயிற்று. தோள் போயிற்று. இடுப்பு திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.

போன வருஷம் மாட்டிக்கொண்ட அதே இடம். போன வருஷம் கேட்ட அதே குரல். தள்ளு, எலும்பு முறிந்தாலும் முறியட்டும், தள்ளு என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தள்ளவும் செய்தாள். இடுப்பு பழைய இடத்தில் வலித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தள்ளினால் இங்கேயே சிக்கிக்கொண்டு தானும் போய்ச் சேருவாள், குட்டிகளும் போய்ச் சேரும்.

மெதுவாகப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். கொட்டுகிற மழையில், பொந்து வாசலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் நீட்டினாள்.

மரத்தில் இருந்த அணிலுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அடிப்பாவி! உள்ள பிள்ளைங்க சாகுது, நீ நின்னு சோம்பல் முறிக்கிறியே!" என்று கத்தியது.

சாம்பி நீட்டிய காலை மடக்கவில்லை. நெஞ்சைச் சேற்றில் வைத்தாள். உள்ளே கடைசிக் குட்டி கத்துவது கேட்டது. மூச்சை விட்டாள். எழுந்து முதுகைத் தூக்கினாள். இன்னும் தூக்கினாள். பின்னங்கால் ஒன்று. பின்னங்கால் இன்னொன்று. அதைவிட நீண்ட நேரத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனாலும் அதில் ஒரு மூச்சைக்கூட அவள் குறைக்கவில்லை.

பிறகு உள்ளே போனாள். திருப்பத்தில் நின்று மூச்சு விட்டாள். உடம்பு இடம் விட்டது. விட்ட இடத்துக்குப் போனாள். தலை, தோள், இடுப்பு, வால். சரிவில் இறங்கியபோது மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கடைசிக் குட்டிக்குத் தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. அதை முதலில் கவ்விக்கொண்டு வந்து மேட்டுப் புதரில் விட்டாள். மறுபடி முன்னங்கால், முதுகு, பின்னங்கால். இரண்டாவதைக் கொண்டுவந்தாள். மறுபடியும் முறித்தாள்.

மூன்றாவதைக் கவ்வுவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். வலது பக்கம், கல்லோரத்தில் ஒரு மூலை. சுண்டு அங்கேதான் ஒடுங்கியிருப்பான். தண்ணீருக்கு மேலே இருந்த கல்லில் கன்னத்தைத் தேய்த்தாள். "அம்மா வந்து சேர ஒரு வருஷம் ஆயிருச்சுடா" என்றாள். அப்புறம் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் வெயில் அடித்தது. குட்டிகள் கண் விழித்ததும் பாலுக்கு முண்டியடித்துக்கொண்டு வந்தன. சாம்பி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். "மொதல்ல அதை முறிங்க. அப்புறம்தான் பால்."

"எதை அம்மா?" என்று கேட்டது கடைசிக் குட்டி.

சாம்பி செய்து காட்டினாள். மூன்றும் தள்ளாடிக்கொண்டே காலை நீட்டின.

அன்று முதல்தான், பூனை எத்தனை தடவை தூங்கி எழுந்தாலும் அத்தனை தடவையும் முன்னங்காலை நீட்டி, முதுகைத் தூக்கி, பின்னங்காலை உதறிவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறது. முதுகு வளைகிற பூனை தன்னையும் பிடித்துவிடும் என்று அணில் அதைக் கண்டாலே மரத்தில் ஏறிக்கொள்வதும் அன்று முதல்தான். அடுப்படியில் மீன் சட்டியை இறக்கினாலும் சரி, வாசலில் நாய் குரைத்தாலும் சரி, பூனை அவசரப்படாது. நாம் பார்த்துவிட்டு, எழுந்ததும் எழாததுமாகச் சோம்பல் முறிக்கிறது பார் என்று சிரிக்கிறோம். அது நம் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. உள்ளே ஒரு குட்டி காத்திருக்கிறது, இந்த வருஷம் பிந்திவிடக் கூடாது என்று ஒரு மூச்சும் குறைக்காமல் முறித்துவிட்டுத்தான் முதல் அடி எடுத்து வைக்கிறது.