வாடகை வண்டு

மரங்கொத்தி கொண்டைமுத்து மூன்றாவது தடவையும் பொந்தின் வாசலில் தட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து ஆந்தை அல்லியம்மாவின் குறட்டைதான் வந்தது.

"அல்லியம்மா, நாளைக்குப் பௌர்ணமி. நாளையோட வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று அது பொந்துக்குள் தலையை நீட்டி, முடிந்தவரை மெதுவாகச் சொன்னது. குறட்டை நிற்கவில்லை. கொண்டைமுத்துவுக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. எப்படியோ சொல்லியாகிவிட்டது.

அப்போது உச்சிவெயில். அந்த நேரத்தில் ஆந்தை தூங்கும் என்பது இலுப்பை மரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கொண்டைமுத்துவுக்கும் தெரியும். அதனால்தான் அந்த நேரமாகப் பார்த்து வந்தது. விழித்திருக்கும்போது அல்லியம்மா இரண்டு கண்களாலும் நேராகப் பார்க்கும். அப்படிப் பார்க்கிற ஒருவரிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கொண்டைமுத்துவுக்கு வாய் வராது.

அந்தப் பொந்து, கொண்டைமுத்து வாலிபத்தில் கொத்தியது. பிறகு அலகின் நுனி பிளந்துவிட்டது. அந்த அலகால் எறும்பு பொறுக்கலாம். இன்னொரு பொந்து கொத்த முடியாது. தனக்குக் கிளை போதும் என்று பொந்தை அல்லியம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. மாதா மாதம் என்று பேச்சு. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் விடியற்காலையில், வரப்போகும் மாதத்துக்காக, அல்லியம்மா ஒரு கொழுத்த வண்டை எதிர்க்கிளையில் வைத்துவிட்டுத் தூங்கப்போகும். விடிந்ததும் கொண்டைமுத்து வந்து அதைத் தின்னும். இருவருக்குள்ளும் ஒரு சச்சரவு வந்ததில்லை. இருவரும் சந்தித்துக்கொண்டதே குறைவு.

இப்போது மகள் செம்பா முட்டையிட வேண்டும். மாப்பிள்ளை தினமும் மரம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, சாயங்காலம் வயிறு நிறையத் திரும்பிவரும். இதுவரை ஒரு பொந்தும் கொத்தவில்லை. "நம்ம வீடு இருக்கும்போது என்ன கவலை?" என்று கொண்டைமுத்து சொல்லிவிட்டது. மகளிடம் சொல்வதற்கு மட்டும் வாய் வந்தது.

மறுநாள் பௌர்ணமி. விடியற்காலையில் எதிர்க்கிளையில் வண்டு இருந்தது. கொண்டைமுத்து வழக்கம்போல் அதைத் தின்றது. மாலையில் செம்பா வந்து பொந்தின் அருகே உட்கார்ந்தது. இருட்டத் தொடங்கியதும் பொந்துக்குள்ளிருந்து இரண்டு பெரிய கண்கள் எட்டிப் பார்த்தன.

"விருந்தாளியா? உட்காரும்மா" என்றது அல்லியம்மா.

செம்பா அப்பாவைப் பார்த்தது. அப்பா இலைகளைப் பார்த்தது. பிறகு, வீட்டைக் காலி செய்யும்படி தான் நேற்றே சொல்லிவிட்டதாக இழுத்து இழுத்துச் சொன்னது. எப்போது என்று அல்லியம்மா கேட்டது. உச்சிவெயிலில் என்றது கொண்டைமுத்து.

"அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன், வீட்டுக்காரரே?"

"குறட்டை விட்டுட்டிருந்தீங்க."

"காலையில வச்ச வண்டு?"

"தின்னுட்டேன்."

"நல்லா இருந்ததா?"

"நல்லாத்தான் இருந்தது" என்று கொண்டைமுத்து உண்மையைச் சொன்னது.

அல்லியம்மா கோபப்படவில்லை. தூங்குகிறவளிடம் சொன்னது மரத்திடம் சொன்னது மாதிரி என்றது. அப்படியே காதில் விழுந்திருந்தாலும், ஒரே நாளில் எந்தப் பறவை வீடு பார்க்கும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி குடியிருப்பவருக்கு முழுதாக ஒரு மாதம் கொடுத்துச் சொல்வதுதானே காட்டு வழக்கம்? அதோடு, வாடகையைத் தின்றால் இன்னொரு மாதம் இருக்கச் சொன்னதாகத்தானே அர்த்தம்?

"இன்னிக்குத்தான் மாசம் பொறக்குது. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். இப்ப சொல்லுங்க" என்றது அல்லியம்மா. இரண்டு கண்களாலும் நேராகப் பார்த்தது.

கொண்டைமுத்து கிளையில் இரண்டு தரம் இடம் மாறி உட்கார்ந்தது. கடைசியில், "அடுத்த மாசிப் பௌர்ணமியோட வீட்டை விட்டுடுங்க, அல்லியம்மா. என் மகளுக்கு வேணும்" என்று சொன்னது.

"சரி" என்றது அல்லியம்மா. அவ்வளவுதான். இரை தேடப் பறந்துவிட்டது.

சொல்வது இத்தனை சுலபம் என்று கொண்டைமுத்துவுக்கு இதற்கு முன் தெரியாது. ஆனால் காத்திருப்பது சுலபமாக இல்லை. பாதி மாதம் போயும் அல்லியம்மா கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. செம்பாவின் வயிறு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டிருந்தது. கீழ்க்கிளை அணில் வந்து ஏற்றிவிட்டது. "பேசிட்டா இருப்பாங்க அண்ணே? ராத்திரி அது வெளிய போனதும் வாசல்ல முள்ளைச் சொருகி அடைச்சிடுங்க. திரும்பி வந்து என்ன பண்ணும்?"

அன்று மாலை கொண்டைமுத்து அலகில் ஓர் இலந்தை முள்ளோடு பொந்தின் பக்கத்தில் காத்திருந்தது. அல்லியம்மா சீக்கிரமே விழித்து வெளியே வந்துவிட்டது.

"வாயில என்ன?"

பதில் சொல்ல வாயைத் திறந்ததும் முள் கீழே விழுந்தது. அணிலின் வாலில் விழுந்ததாகப் பிறகு தெரியவந்தது.

முள்ளைப் பற்றி அல்லியம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தில் குக்குறுவான் பறவை வாடகைக்கு விடும் பொந்து ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னது. கொஞ்சம் சின்னதாம். அங்கே இருக்கிற மைனா பௌர்ணமிக்குத்தான் காலி செய்யுமாம். "அதுக்கும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லியாச்சு. அதுவரைக்கும் இங்கேதான். முள்ளு வச்சா நான் எங்க போவேன், வீட்டுக்காரரே?"

கொண்டைமுத்து அதன் பிறகு அந்தக் கிளைப் பக்கம் போகவில்லை.

மாசிப் பௌர்ணமி வந்தது. அன்று கொண்டைமுத்து வழக்கத்தைவிட முன்னதாக எழுந்தது. செம்பா மேல்கிளையில் கண்ணை மூடி, கனத்த வயிற்றோடு உட்கார்ந்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்கிற நிலை. எதிர்க்கிளையில் ஒரு வண்டு இருந்தது.

இதற்கு முன் இப்படி ஒரு வண்டு வந்ததில்லை. நல்ல கறுப்பு. முதுகு எண்ணெய் தேய்த்தது போல் மின்னியது. கொண்டைமுத்துவின் கழுத்து தானாக நீண்டது. அலகு வண்டைத் தொட்டும்விட்டது.

பொந்துக்குள்ளிருந்து அல்லியம்மா பார்த்துக்கொண்டிருந்தது. புளியமரத்துப் பொந்து சின்னதுதானே, வைத்துத்தான் பார்ப்போமே என்று வைத்திருந்தது. கொண்டைமுத்துவுக்கு அது புரிந்தது. வயிறு தின்னச் சொன்னது. மேலே கிளை லேசாக அசைந்தது. செம்பா கால் மாற்றிக்கொண்டிருந்தது.

கொண்டைமுத்து தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக அந்த இரண்டு கண்களையும் நேராகப் பார்த்தது. பிறகு, பிளந்த அலகால் வண்டை மெல்லக் கவ்விப் பொந்தின் வாசலில் கொண்டுபோய் வைத்தது.

உள்ளே சிறிது நேரம் சத்தம் கேட்டது. பழைய இறகுகளும் எலும்புத் துணுக்குகளும் வாசல் வழியாக வெளியே விழுந்தன. அல்லியம்மா பொந்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. முடித்ததும் வண்டைக் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பறந்தது. புளியமரத்தில், குக்குறுவான் எப்போதும் வந்து உட்காரும் கிளையில் அந்த வண்டை வைத்துவிட்டு, உள்ளே போய்த் தூங்கிவிட்டது.

நீதி: வீட்டைக் காலி செய்யச் சொல்பவர், குடியிருப்பவர் விழித்திருக்கும்போது, ஒரு முழு மாதம் கொடுத்து, நேரில் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அடுத்த மாத வாடகையில் வாய் வைக்கக் கூடாது.