காகிதக் கழுதை

“பண்டிகைப் பாடத்தையே விட்டுடட்டுமா மிஸ்?” என்று கேட்டாள் நாச்சம்மை.

திருச்சியில் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறவள். தனக்கு அந்த மொழியைக் கற்றுத்தந்த ஃபிலோமினாவிடம் வந்து நின்றாள். குருவுக்குச் சிஷ்யையைவிட வயது குறைவு. அதனாலென்ன, குரு குருதான்.

“ஏங்க்கா?”

“மெக்சிகோ விழாவையெல்லாம் படம் போட்டுக் காட்டிட்டேன். நல்லா தலையாட்டுறாங்க. ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு ஸ்பானிஷ் வார்த்தை வரலே. நாளைக்கு நிர்வாகி வந்து பார்க்கிறார். இப்படியே இருந்தா வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவார். பயமா இருக்கு மிஸ்.”

“பின்யாத்தான்னா என்ன?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே! மிட்டாய் அடைச்ச காகிதப் பொம்மை. கட்டித் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டு அடிக்கணும். நம்ம உறியடி மாதிரி.”

“செஞ்சு வைங்க. வர்றேன்.”

அவ்வளவுதான் பேச்சு. நாச்சம்மைக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் செய்தாள்.

மறுநாள் வகுப்பில் ஒரு காகிதக் கழுதை தொங்கியது. வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் நர்சுகள், வெல்டர்கள், பொழுதுபோகாத ஒரு ரிட்டயர்டு தாசில்தார், எல்லோரும் வழக்கம்போல வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்.

ஃபிலோமினா தன் துப்பட்டாவால் நாச்சம்மையின் கண்ணை இறுக்கிக் கட்டினாள். கையில் கம்பைக் கொடுத்துக் கிறுகிறுக்கச் சுற்றிவிட்டாள்.

“மிஸ், நான் டீச்சர்! என்னைப் போய்...”

“உங்க டீச்சருக்கு இப்போ தமிழ் தெரியாது,” என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னாள் ஃபிலோமினா. போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாச்சம்மை தடுமாறி நடந்தாள். கம்பை ஓங்கிக்கொண்டு, நேராக நிர்வாகியை நோக்கி.

“ஐயையோ, அந்தப் பக்கம் இல்லேம்மா!” என்று அலறினார் தாசில்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தாள்.

“இஸ்கியேர்தா!” என்று கத்தினார் அவர்.

அவள் சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள்.

“தெரேச்சா!” என்று வலப்பக்கம் கூப்பிட்டாள் ஒரு நர்ஸ். “அரீபா! அரீபா!” என்று மேலே தொங்கும் கழுதையைக் காட்டிக் குதித்தார்கள் வெல்டர்கள். வகுப்பே எழுந்து நின்று ஸ்பானிஷில் சண்டை போட்டது.

விழுந்தது அடி. மிட்டாய் சிதறி ஓடியது.

நிர்வாகி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“இதெல்லாம் எப்போ சொல்லிக்கொடுத்தீங்க?”

“போன மாசமே சார்.”

“அப்புறம் ஏன் இத்தனை நாளா ஒருத்தரும் பேசலே?”

நாச்சம்மை கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. அதற்கடியில் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

“இத்தனை நாளா எனக்குக் கண்ணு தெரிஞ்சுது சார்.”