மண் தள்ளிய முயல்

மேகம் வந்து உட்கார்ந்து, ஈரத்தை விட்டுவிட்டு எழுந்து போகிற மலைக்காடு ஒன்று. அந்தக் காட்டில் பேச்சி என்று ஒரு முயல் இருந்தாள். பெயருக்கு ஏற்ற வாய். தூங்கும்போதுகூட அவளுக்கு மூக்கு துடித்துக்கொண்டே இருக்கும். கனவிலும் யாரையோ பிடித்து வைத்துப் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய சிநேகிதன் சடையன், ஒரு முள்ளம்பன்றி. அவன் ரொம்பப் பேசமாட்டான். அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஐப்பசி மழையில் மலைச்சரிவு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. பேச்சி படுத்திருந்த புதர் போயிற்று. சடையனின் வளையும் போயிற்று. வளைக்குள் இருந்த அவன் மனைவி காத்தாயியும் போய்விட்டாள். கிழங்கு தேடப் போயிருந்த சடையன் திரும்பி வந்தபோது, வாசல் இருந்த இடத்தில் வெறும் சேறுதான் இருந்தது.

அந்தச் சேற்றின் ஓரத்தில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. பேச்சி உதிர்ந்த நெல்லிக்காயைப் பொறுக்கி வந்து முன்னால் போடுவாள். இரண்டு கடி கடிப்பான், வைத்துவிடுவான். மழை நின்றது. மார்கழியும் வந்தது.

மார்கழி என்றால் அந்த மலையில் விளையாட்டில்லை. உறைபனி விழும். புல் எல்லாம் வெள்ளையாகிவிடும். வெட்டவெளியில் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கமாட்டார்கள். பேச்சிக்கும் வீடில்லை, சடையனுக்கும் வீடில்லை. பனி விழ இன்றோ நாளையோ என்றிருந்தது.

துக்கம் விசாரிக்க ஆள் வராமல் இல்லை. கருமந்தி என்ற குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்து, அழுது என்ன ஆகப்போகிறது, மறந்துவிடு, நான் என்ன அழுதுகொண்டா இருக்கிறேன் என்று கேட்டது. கேட்டுவிட்டு, நல்லதைச் சொன்ன திருப்தியில் சடையன் வைத்திருந்த மிச்ச நெல்லிக்காயைத் தின்றுவிட்டு மரமேறிப் போயிற்று.

அடுத்த சரிவிலிருந்து பேச்சியின் சித்தி சொல்லி அனுப்பினாள். எங்கள் புதரில் ஒருத்திக்கு இடமிருக்கிறது, நீ மட்டும் வா, அந்த முள்ளுக்கார அழுமூஞ்சியை அங்கேயே விட்டுவிடு என்று. சித்திக்குக் காது சரியாகக் கேட்காது, அங்கே போய் நான் யாரிடம் பேசுவது என்று பேச்சி பதில் அனுப்பிவிட்டாள். அது சும்மா சொன்ன சாக்கு. சடையனை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. காத்தாயி அவளுக்கும் சிநேகிதிதானே. யாரும் பார்க்காதபோது பேச்சியும் அழுதிருக்கிறாள்.

முதலில் கெஞ்சிப் பார்த்தாள். "அண்ணே, எழுந்து ஒரு வளை தோண்டு. குளிர் தாங்கமுடியாது."

"யாருக்குத் தோண்டுவது?" என்றான் சடையன்.

பேச்சி கோபித்துக்கொண்டாள், அதட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு யோசனை வந்தது. சடையனுக்குப் பக்கத்திலேயே போய், எதுவும் சொல்லாமல், தானே தோண்ட ஆரம்பித்தாள்.

பிள்ளைகளே, காட்டு முயலுக்கு வளை தோண்டத் தெரியாது. புல்லுக்குள் பதுங்கிப் படுக்கிற சாதி அது. பேச்சி சேறு காயாத இடமாகப் பார்த்துத் தோண்டினாள். வாசலைக் காற்று வருகிற பக்கம் வைத்தாள். தோண்டிய மண்ணை மேட்டுப் பக்கமே எறிந்தாள். அது உருண்டு வந்து அவள் தலையிலேயே விழுந்தது. பாதி வேண்டுமென்றே செய்தாள், பாதி நிஜமாகவே தெரியாமல் செய்தாள்.

சடையன் ஒரு கண்ணால் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடியும் பார்த்தான். கண்ணெதிரே இப்படி ஒரு வேலை நடந்தால் எந்த வேலைக்காரனால் பொறுக்கமுடியும்?

"இது வளையா, உனக்கு நீயே வெட்டிக்கொள்கிற குழியா?" என்றான். "தள்ளிப் போ அந்தப் பக்கம்."

எழுந்தான். மேலே ஒரு பெரிய பாறைக்கடியில், வேர் இறங்கிக் கெட்டிப்பட்ட இடமாகப் பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டித் தோண்டத் தொடங்கினான். பேச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவள் வாழ்நாளில் அதுதான் பெரிய கஷ்டம்.

வளை நன்றாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சடையனின் கை நின்றுவிட்டது. முள்ளம்பன்றி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தோண்டினால் மற்றவர் மண்ணை வெளியே தள்ளவேண்டும். சடையன் எப்போதும் தோண்டுகிறவன். பழக்கத்தில் மண்ணைப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அது வெளியே போவதற்காகக் காத்திருந்தான். மண் குவிந்தபடியே கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு மனம் உடைந்தது. அவ்வளவு நாள் சத்தமில்லாமல் கண்ணீர் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், தலையை மண்ணில் வைத்து ஓவென்று அழுதான்.

அழாதே என்று பேச்சி சொல்லவில்லை. உள்ளே நுழைந்தாள். திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டாலும் மண்ணை வெளியே உதைத்தாள். முயலுக்குத் தோண்டத் தெரியாவிட்டால் என்ன, உதைக்கத் தெரியுமே.

அழுகைக்கு நடுவே சடையன் சொன்னான்: "அவள் இடது பக்கமாகத் தள்ளுவாள்."

"நான் வலது பக்கமாகத் தள்ளுகிறேன் அண்ணே," என்றாள் பேச்சி. "இடது பக்கம் அவளுக்கே இருக்கட்டும்."

சடையன் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே மறுபடி தோண்ட ஆரம்பித்தான். அழுதான், தோண்டினான். அவள் உதைத்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் இருவருக்கும் கால் நீட்டிப் படுக்க வளை தயாராகிவிட்டது. காய்ந்த புல்லைக் கொண்டுவந்து பரப்பினார்கள். காத்தாயிக்கு எந்தக் கிழங்கு பிடிக்கும், எதற்கெல்லாம் கோபம் வரும் என்று சடையன் சொல்ல ஆரம்பித்தான். எல்லாம் பேச்சிக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, பிறகு என்ன ஆயிற்று, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே பனி விழத் தொடங்கியது. மரத்தில் கருமந்தி இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டு நடுங்கியபடி கீழே பார்த்தது. "என்ன பேச்சி, ஒருவழியாக அழுகையை நிறுத்திவிட்டானா?" என்று கேட்டது.

பேச்சி வளை வாசலில் தலையை நீட்டினாள்.

"இல்லை. உள்ளே கதகதப்பாக உட்கார்ந்து அழுகிறார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நீதி: துயரப்படுகிற நண்பனிடம் அழாதே என்று சொல்வது எளிது, அவன் அழுது முடிக்கும்வரை கூட இருந்து மண் தள்ளுவதே நட்பு.