மணி சொல்லக் கூடாத கூடம்

பந்தயச் சில்லுகள் சரிந்து விழும் சளசளப்பு, தகரக் கூரையில் மழை தொடங்குவதைப் போலிருக்கும். நாற்பது வருடமாகியும் அது என் காதை விட்டுப் போகவில்லை.

மலைமேலிருந்த சூதாட்ட நகரத்தில் நான் வேலை பார்த்த விடுதிதான் பெரியது. ஆட்டக்கூடத்துக்கு ஜன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. நேரம் தெரிந்தால் விருந்தாளி எழுந்து போய்விடுவான் அல்லவா? அதனால் மேனேஜர் கனகசபை ஒரு விதி போட்டிருந்தார். கூடத்துக்குள் எந்த ஊழியர் மணி சொன்னாலும் அன்றே வேலை போய்விடும்.

கூடத்தின் மூலையில் தோசை சுடுபவள் செங்கமலம். ஒருநாள் மேனேஜர் எல்லார் எதிரிலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இதுதான் வருகிற நேரமா? தாமதமில்லை என்று இங்கேயே நிரூபி. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு!"

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான் நேரத்துக்குத்தான் வந்தேன் சார். இல்லையென்றால், இப்போது மணி என்ன, நீங்களே சொல்லுங்களேன்."

"ஒன்பதரை!" என்று கத்தினார் கனகசபை.

ஆட்டம் அப்படியே நின்றது.

"காலையா, ராத்திரியா?" என்றார் ஒருவர்.

"என்ன கிழமை?" என்றார் இன்னொருவர்.

"ஐயோ, ஒன்பது மணிக்கு என் மகளுக்கு முகூர்த்தம்!" என்று பட்டு வேட்டிக்காரர் ஒருவர் வாசலுக்கு ஓடினார். அவர் பின்னால் கூடமே காலியானது.

செங்கமலம் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நீங்களும் இங்கே ஊழியர்தானே சார்?"

முதலாளியும் அதையேதான் கேட்டார். தோசைக்கல் செங்கமலத்திடமே இருந்தது. கனகசபை அடிவாரத்துப் பேருந்து நிலையத்தில், வண்டிகள் புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.