பிஸ்டன் ஓடும் தூரம்

பழனியாண்டி சுட்ட குண்டு ஒன்றுகூடக் கறுப்பு வட்டத்துக்குள் விழவில்லை.

துப்பாக்கி அவருடையதல்ல. மகள் தேன்மொழியுடையது. போன ஆடியில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த கையோடு மனுஷர் அவளுடைய ஏர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ரைஃபிள் கிளப்புக்கு வந்தார். அவள் நின்ற இடத்தில் நின்றார். அங்கே சொல்லிக்கொடுக்கிற ஜமீலாவுக்கு அவர் வயதில் பாதிதான். தேன்மொழிக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

கிளப் துப்பாக்கியில் அவர் நன்றாகத்தான் சுட்டார். அதில் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் பிஸ்டன் ஓடும் தூரம் குறைவு. விசையை அழுத்தினால் வெடுக்கென்று ஒரு உதை. குண்டு போயே போய்விடும். மகளுடையதில் பிஸ்டன் நெடுந்தூரம் ஓடும். உதை மெத்தென்று இருக்கும். ஆனால் குண்டு குழலை விட்டுப் போவதற்குள் துப்பாக்கி ஒரு அசை அசைந்து கொடுக்கும். அங்கேதான் வம்பு.

"லேத் பட்டறையில பேசிட்டேன் மேடம். பிஸ்டன் ஓட்டத்தைக் குறைச்சுத் தரேங்கறான். நாளைக்குப் பிரிச்சுடுவான்."

"வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது ஐயா. அப்புறம் அது அவ துப்பாக்கி இல்ல."

"தெரியும். ஞாயித்துக்கிழமை போட்டி. அவ பேரைச் சொல்லி ஒரு குண்டாவது நடுவுல விழ வேண்டாமா?"

"குறி பார்க்கிற சைட்டைத் திருகினீங்களா?"

"இல்ல. தொட மனசு வரல."

"சைட்டைத் தொட மனசு வராதவரு பிஸ்டனை வெட்டப் போறாராக்கும்."

அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

"சுடுங்க. பார்க்கிறேன்."

சுட்டார். குண்டு இடது ஓரம் போனது. இடது முன்கையில் நரம்பு புடைத்து நின்றது.

"கோழியையா பிடிச்சிருக்கீங்க, பறந்து போக?"

"விட்டா ஆடுது மேடம்."

"ஆடினா ஆடட்டும்."

"ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் சொன்னாங்க. ஊசி போடணும், அவ கையை விடுங்கன்னு. நான் விடல. போறவரைக்கும் விடல."

ஜமீலா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய இலக்கு அட்டை. உள்ளங்கை அகலம். நடுவில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து ஒரே ஓட்டையாகியிருந்தது.

"தேன்மொழி கடைசியா சுட்டது. இடது கையை விரிங்க."

விரித்தார். அட்டையை உள்ளங்கையில் வைத்தாள். அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தாள்.

"கசக்காம சுடுங்க."

பழக்கதோஷம். விரல்கள் மூடப் பார்த்தன. அட்டையின் விளிம்பு தட்டியதும் நின்றன. மெல்ல விரிந்தன.

சுட்டார். துப்பாக்கி தன்பாட்டுக்குப் பின்னால் நகர்ந்தது, முன்னால் வந்தது, அடங்கியது. அவர் தடுக்கவில்லை.

கறுப்புக்குள்.

இன்னொன்று போட்டார். அதுவும் கறுப்புக்குள். அடுத்தது நட்ட நடுவில். இலக்கு அட்டையைக் கழற்றி வந்து மகளுடைய அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அதே இடம். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாம சைட்டைச் சரிபண்ணி வெச்சீங்களா மேடம்?"

"நான் தொடவே இல்ல."

"பின்ன யாரு சரிபண்ணி வெச்சது?"

ஜமீலா துப்பாக்கியை அவரிடமே நீட்டினாள்.

"தேன்மொழி."